எப்படி நேர்ந்தது என்று கேட்காமல்

செனகல் நாட்டில் கருக்கலைப்பு குற்றம். பிரெஞ்சு ஆட்சிக் காலச் சட்டத்தின் வழிவந்த தண்டனைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தாயின் உயிரைக் காக்க மட்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்களின் ஒப்புதலோடு, ஒரு சின்ன விலக்கு உண்டு. அதே நாட்டில்தான் 1990களின் பிற்பகுதியிலிருந்து, கரு கலைந்து உதிரப்போக்கோடு வரும் பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் முறையான சிகிச்சைத் திட்டம் நடந்து வருகிறது. ஒரு கையால் தண்டனை, மறு கையால் சிகிச்சை. இந்த இரண்டையும் ஒரே அரசு எப்படிச் செய்கிறது என்பதற்கான விடை மகப்பேறு வார்டின் பதிவேட்டில் இருக்கிறது.

அங்குள்ள மருத்துவமனைகளில் பல காலம் ஆய்வு நடத்திய அமெரிக்கச் சமூகவியலாளர் சிரி சூ, 2021இல் வெளியான தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வருகிற பெண்களில் சிலர் மாத்திரை விழுங்கியோ வேறு வழியிலோ கருவைக் கலைத்தவர்கள் என்ற சந்தேகம் செவிலியருக்கும் மருத்துவச்சிக்கும் வராமல் இல்லை. ஆனால் பதிவேட்டில் ஏறுவது பெரும்பாலும் ‘தானாக நேர்ந்த கருச்சிதைவு’ என்றுதான். போலீஸ் வந்தால் காட்டுவதற்கும் அந்தப் பக்கம்தான். சுகாதார அமைச்சகம் புள்ளிவிவரம் எடுப்பதற்கும் அதே பக்கம்தான்.

இது பொய்யா, அறமா?

கருக்கலைப்பு சரியா தவறா என்ற விவாதம் எல்லா நாட்டிலும் எல்லா மேடையிலும் நடந்து ஓய்ந்துபோன ஒன்று. அதற்குப் பக்கத்தில் இருந்தும் யாரும் அதிகம் தொடாத கேள்வி இது. ஒரு செயலைப் பாவம் என்று முழு மனதோடு நம்புகிறவர், அந்தச் செயலால் சாகக் கிடப்பவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? அந்தக் கடனைத் தீர்க்குமுன் ‘இது எப்படி நேர்ந்தது’ என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டா?

உலக நாடுகள் இதற்கு ஒருமுறை ஒருமித்துப் பதில் சொன்னதுண்டு. 1994இல் கெய்ரோவில் ஐ.நா.வின் மக்கள்தொகை மாநாடு கூடியது. 179 நாடுகளின் அரசுகள், தலைமைச் செயலராகப் பாகிஸ்தானைச் சேர்ந்த மருத்துவர் நஃபீஸ் சாதிக். கருக்கலைப்பு பற்றிய ஒரே ஒரு பத்திக்காக நாள்கணக்கில் சண்டை நடந்தது. வாட்டிகன் ஒரு பக்கம், சில இஸ்லாமிய நாடுகள் இன்னொரு பக்கம், பெண்ணுரிமை அமைப்புகள் எதிர்ப்பக்கம். கடைசியில் 8.25 என்ற எண்ணுள்ள பத்தி உருவானது. கருக்கலைப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக வளர்க்கக் கூடாது, சட்டத்தை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் கருக்கலைப்பால் வரும் சிக்கல்களுக்கு எல்லா நிலையிலும் தரமான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் இரண்டும் இழுபறியில் பிறந்த சமரசங்கள். மூன்றாவதை வெளிப்படையாக மறுக்க எவருக்கும் நா எழவில்லை. ரத்தம் ஒழுகக் கிடப்பவளைப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று எந்த மதத்தின் பெயரால் சொல்வது?

உண்மையில் மதங்களின் பழைய நூல்களுக்கு இதில் தயக்கமே இல்லை. பௌத்த விநய நூல்களைப் பார்க்கலாம். கருவைக் கலைக்க ஒரு பிக்கு மருந்து கொடுத்து, கரு கலைந்துவிட்டால் அவர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார். மனிதக் கொலைக்கு உரிய அதே தண்டனை. அதே விநயத்தில்தான் வயிற்றுப்போக்கு கண்டு தன் கழிவிலேயே கிடந்த பிக்குவின் கதையும் வருகிறது. மற்றவர்களுக்கு அவரால் எந்த உபயோகமும் இருந்ததில்லை; ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தாமே அவரைக் குளிப்பாட்டுகிறார். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். கடுமையான விலக்கும் கனிவான பணிவிடையும் ஒரே நூலில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இதில் முரண்பாடு இருப்பதாக நூலைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

கருவைக் கொல்வதை மகாபாவங்களில் ஒன்றாக வைத்த இந்து மரபிலும் இப்படித்தான். சுஸ்ருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில், வயிற்றில் சிக்கிக்கொண்ட கருவை எடுப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கண்ணால் பார்க்க முடியாமல் கையின் தொடுவுணர்வை மட்டும் நம்பிச் செய்யும் வேலை என்பதால் எல்லா அறுவைகளிலும் இதுதான் கடினம், முன்கூட்டி உரியவரிடம் அனுமதி பெற்றுத் தொடங்கு என்கிறது அது. உயிருள்ள கருவில் ஆயுதத்தை வைக்காதே. இறந்த கருவை ஒரு கணமும் விட்டுவைக்காதே. கரு ஏன் இறந்தது என்று கேட்டுவிட்டு ஆயுதத்தை எடு என்று அங்கே சொல்லப்படவில்லை.

இஸ்லாத்தில் கதை இன்னும் நுட்பமானது. கருவுக்கு உயிர் ஊதப்படுவது நான்கு மாதத்தில் என்பது அறிஞர் பலரின் கணக்கு. கரு வளர வளர அதை அழிப்பதன் குற்றமும் படிப்படியாக வளர்கிறது என்று இமாம் கஸாலி எழுதினார். சுன்னி மரபுகள் நான்கில் மாலிக்கி மரபுதான் இதில் மிகக் கண்டிப்பு. செனகல் மக்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது அதைத்தான். ஆனாலும் பிறர் குற்றத்தைத் துருவி ஆராயாதே என்று குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கிறது. பிறர் குறையை மூடிவைப்பது முஸ்லிமின் கடமை என்ற போதனையும் வேரூன்றியது. செனகலின் வொலோஃப் மக்கள் இதை ‘சுத்துரா’ என்று சொல்லிப் பெண் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் ஊட்டி வளர்க்கிறார்கள். டக்கார் நகரத்து மருத்துவச்சி பதிவேட்டில் எழுதும் அந்த ஒரு வரியை அரசாங்கத்தை ஏமாற்றுவதாக மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். அவள் வளர்ந்த வீட்டின் ஒழுக்கமும் அதில் சேர்ந்தே எழுதுகிறது.

கத்தோலிக்க மரபு கேட்காமல் விடுவதில்லை. அது கேட்கும், எல்லாவற்றையும் கேட்கும். ஆனால் பாவமன்னிப்புக் கூண்டில் கேட்டதை உயிரே போனாலும் குரு வெளியே சொல்லக் கூடாது. கருக்கலைப்பு செய்தவர் தாமாகவே திருச்சபை விலக்குக்கு உள்ளாவார் என்பது திருச்சபைச் சட்டம். அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைப் பல இடங்களில் ஆயர்தான் வைத்திருந்தார். திருச்சபை அறிவித்த இரக்கத்தின் ஆண்டை ஒட்டி 2015இல் அதை எல்லாக் குருக்களுக்கும் கொடுத்த போப் பிரான்சிஸ், ஆண்டு முடிந்தபின் 2016இல் அதைக் காலவரையின்றி நீட்டித்தார். செயலைப் பற்றிய தீர்ப்பை ஓர் அணுவும் மாற்றவில்லை. வாசலை மட்டும் அகலமாகத் திறந்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சிலி நாட்டைப் பார்த்தால் வயிறு எரியும். சர்வாதிகாரி பினோசே ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1989இல், எந்தக் காரணத்துக்காகவும் கருவைக் கலைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. உதிரப்போக்கோடு அரசு மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் ‘கலைத்தாயா, யார் செய்தார்கள்’ என்று கேட்டு வாக்குமூலம் வாங்கி, அதை வழக்குக்குப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. 2004இல் ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழு இதை நிறுத்தச் சொன்னது. கவனிக்க வேண்டும்: சுகாதாரக் குழு அல்ல, சித்திரவதைக்கு எதிரான குழு. 2009இல்தான் சிலியின் சுகாதார அமைச்சகம் அப்படி வாக்குமூலம் வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. கத்தோலிக்கர் மிகுந்த நாடு அது. கூண்டில் சொன்னது குருவோடு அடங்கியது. கட்டிலில் சொன்னது கோர்ட்டுக்குப் போனது.

எல் சால்வடாரில் நடந்தது இன்னும் கொடுமை. ‘மனுவேலா’ என்ற மாற்றுப் பெயரில்தான் அந்தப் பெண்ணை உலகம் அறியும். கிராமத்து ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர், இரண்டு குழந்தைகளின் தாய். 2008இல் பிரசவச் சிக்கலில் கருவை இழந்து ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார். சிகிச்சை அளித்த மருத்துவரே புகார் கொடுத்தார். கட்டிலோடு கைவிலங்கு மாட்டப்பட்டது. கொலைக் குற்றத்துக்காக 30 ஆண்டுச் சிறை. அவர் கழுத்தில் ஏற்கெனவே கட்டிகள் இருந்தன. முழுமையான பரிசோதனை நடக்கவில்லை. நிணநீர்ப் புற்றுநோயால் 2010இல் கைதியாகவே இறந்தார். அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021இல் எல் சால்வடார் அரசைக் குற்றவாளி என்றது. மருத்துவர் நோயாளியின் ரகசியத்தைக் காக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான தூண்களில் ஒன்று.

இங்கே மருத்துவம் ஒன்று சொல்கிறது, அதைத் தத்துவவாதிகள் போதிய அளவு கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. தானாகக் கலைந்த கருவுக்கும் மாத்திரையால் கலைந்த கருவுக்கும் உடம்பில் வேறுபாடு கண்டுபிடிப்பது பெரும்பாலும் இயலாத காரியம். வயிற்றுப்புண்ணுக்காக வந்த மிசோப்ரோஸ்டால் மாத்திரை கருவைக் கலைக்கும் என்று 1980களில் முதலில் கண்டுகொண்டவர்கள் பிரேசில் நாட்டுப் பெண்கள்தாம். ஆராய்ச்சியாளர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அதை விழுங்கினால் உண்டாகும் வலியும் உதிரப்போக்கும் இயற்கையான கருச்சிதைவைப் போலவே இருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுதான். ஆக, ‘எப்படி நேர்ந்தது’ என்ற கேள்விக்கு மருத்துவப் பயன் சொற்பம். உள்ளே காயமோ சீழோ இருக்கிறதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைத் தாண்டிக் கேட்கப்படும்போது, கேட்பவர் மருத்துவரின் நாற்காலியை விட்டு எழுந்து வேறொருவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

கருவிக்கும் தெரியாது. கருப்பையில் தங்கிவிட்ட திசுக்களை எடுக்க முன்பெல்லாம் டி அண்ட் சி செய்வார்கள். சுரண்டுகிற முறை, வலியும் ஆபத்தும் கூடுதல். இன்று உலக சுகாதார நிறுவனம் அதை விட்டுவிடச் சொல்கிறது. அதற்குப் பதிலாக வந்தது வளையும் பிளாஸ்டிக் குழாய் பொருத்திய ஒரு கை ஊசிக்குழல். மின்சாரம் தேவையில்லை, பெரிய அறுவை அரங்கமும் தேவையில்லை. இந்தக் குழாயைப் பரப்பிய ஹார்வி கார்மன் மருத்துவரே அல்லர். கலிஃபோர்னியாவில் சட்டம் தடுத்த காலத்திலேயே கருக்கலைப்பு செய்துவந்தவர். போரில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கு உதவ 1972இல் வங்கதேசம் சென்ற குழுவில் அவரும் இருந்தார். கருக்கலைப்பைக் கடுமையாகத் தடைசெய்த நாடுகளின் மகப்பேறு வார்டுகளிலும் இன்று கருச்சிதைவுக்கு அதே வகைக் குழல்தான் பயன்படுகிறது.

அமெரிக்க அரசின் உதவிப் பணம் இந்தக் குழலிடம் வந்து தடுமாறியது வேடிக்கையான வரலாறு. 1973இன் ஹெல்ம்ஸ் திருத்தம், வெளிநாட்டு உதவிப் பணத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்வதைத் தடுத்தது. கருக்கலைப்புக்கு ஆதரவாகச் செயல்படும் வெளிநாட்டு அமைப்புகளுக்குப் பணம் இல்லை என்ற 1984ஆம் ஆண்டுக் கொள்கையை 2001இல் ஜார்ஜ் புஷ் மீண்டும் கொண்டுவந்தபோது, கலைந்த பிறகு தரும் சிகிச்சைக்கு அது பொருந்தாது என்று விலக்கு தரப்பட்டது. நல்லது. ஆனால் அந்தக் குழலை மட்டும் அமெரிக்கப் பணத்தில் வாங்கக் கூடாது! பயிற்சி தரலாம்; பயிற்சிக்கு வேண்டிய கருவிக்கு வேறு யாரிடமாவது கையேந்த வேண்டும். பிறர் பாவத்துக்கு எவ்வளவு தூரத்தில் நின்றால் நம் கை சுத்தம் என்று 18ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க அறவியலாளர் புனித அல்போன்ஸ் லிகோரி நுணுக்கமாக வகுத்தார். வாஷிங்டன் அதிகாரிகள் அதை ஒரு கொள்முதல் விதியாகச் சுருக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் தூய்மை கொடுப்பவருக்கு, தட்டுப்பாடு வார்டுக்கு.

கேட்பதும் தெரிந்துகொள்வதும் மட்டுமல்ல, உறுதியாகத் தெரியும்வரை காத்திருப்பதும் கொல்லும். பெல்காமைச் சேர்ந்த 31 வயதுப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 17 வாரக் கருவோடு 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார். பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தை பிழைக்காது. கருவை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, முடியாது என்றார்கள். 1983இல் அந்நாட்டு அரசியல் சாசனம் தாய்க்கும் கருவுக்கும் உயிர் வாழச் சம உரிமை கொடுத்திருந்தது. தாயின் உயிருக்கு மெய்யான ஆபத்து என்று தெரிந்த பிறகே கை வைக்கலாம். அப்படித் தெரிந்தபோது ரத்தத்தில் நஞ்சு ஏறியிருந்தது. 28ஆம் தேதி சவிதா இறந்தார். விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவர் சபாரத்தினம் அருள்குமரன். 2013இல் அவர் குழு கொடுத்த அறிக்கை, நோயாளியைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, இருந்த சிகிச்சை வழிகளையெல்லாம் அவர்முன் வைக்கவில்லை, கிருமித்தொற்றுக்கான நெறிமுறையைப் பின்பற்றவில்லை என்று வரிசையாகச் சொன்னது. 2018 பொதுவாக்கெடுப்பில் அயர்லாந்தில் வாக்களித்தவர்களில் 66.4 சதவீதத்தினர் அந்தச் சாசனப் பிரிவை நீக்கச் சொன்னார்கள்.

இந்தியாவில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். 1971இலிருந்தே இங்கே கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. 2021இல் சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை நீட்டினார்கள். இங்கே கேள்வியைக் கேட்கத் தூண்டுவது எம்.எல்.சி. கேஸ், அதாவது போலீசுக்குச் சொல்ல வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு, என்ற பயம். விபத்தில் அடிபட்டவரைச் சேர்க்காமல் வேறு மருத்துவமனைக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்த பரமானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றம் போனார். 1989 தீர்ப்பு: வந்திருப்பவர் நிரபராதியோ குற்றவாளியோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சட்டச் சடங்கு பிறகு. புத்தர் ஆனந்தரிடம் தண்ணீர் கேட்டதன் சட்ட வடிவம் இதுதான் என்றால் அதிகம் சொன்னதாகாது. பிறகு 2012இல் போக்சோ வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளைக் காக்க வந்த சட்டம்தான். ஆனால் போலீசுக்குப் பயந்த பெண் போலி டாக்டரிடம் போவாள். 2022 செப்டம்பரில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு ஒரு நடுவழி கண்டது. தகவல் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, கேட்காமல் விடும் அறத்துக்கு எதிராகவும் பேச வேண்டியிருக்கிறது. அதன் விலை சின்னதல்ல. தானாக நேர்ந்தது என்றே எல்லாம் பதிவானால், பாதுகாப்பற்ற கருக்கலைப்பு நாட்டில் இல்லவே இல்லை என்று அமைச்சர் சொல்லிவிடலாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 7.3 கோடிக் கருக்கலைப்புகள், அவற்றில் ஏறத்தாழ 45 சதவீதம் பாதுகாப்பற்றவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும். எண்ணிச் சொல்ல முடியாது. இன்னொன்று, இந்த இரக்கம் ரத்தம் வந்த பிறகே வேலை செய்யும். நாளை அவள் நாட்டு மருந்தோ குச்சியோ தேடிப் போகப்போகிறாள் என்று தெரிந்தும் இன்று அவளிடம் பேச அதற்கு வாய் இல்லை. காயம் பட்டால்தான் உனக்கு என் இரக்கம் கிடைக்கும் என்பது, யோசித்துப் பார்த்தால், விநோதமான பேரம்.

இந்த இடத்தில் ஒரு புதுவழி கண்டவர்கள் உருகுவே நாட்டு மருத்துவர்கள். 1938இலிருந்து அங்கே கருக்கலைப்பு குற்றமாக இருந்தது. தலைநகர் மொந்தேவிதேயோவின் பெரேரா ரோசெல் மகப்பேறு மருத்துவமனையில் கருக்கலைப்புச் சிக்கலால் இளம்பெண்கள் சாவதைப் பார்த்துப் பார்த்து, லியோனல் பிரியோசோவும் சக மருத்துவர்களும் 2001இல் சட்டத்தை எடுத்துப் படித்தார்கள். சட்டம் தண்டிப்பது செயலை. செயலுக்கு முன் பேசுவதையும் பின் பார்த்துக்கொள்வதையும் அது தடுக்கவில்லை. ஆகவே கலைக்கப்போகிறேன் என்று வரும் பெண்ணை உட்காரவைத்து, கரு எத்தனை வாரம், எது உயிருக்கு ஆபத்து, பெற்றுக்கொள்ள விரும்பினால் என்ன உதவி கிடைக்கும் என்றெல்லாம் பேசினார்கள். மாத்திரை கொடுக்கவில்லை, சீட்டும் எழுதவில்லை. திரும்பி வரச் சொன்னார்கள். 2004இல் சுகாதார அமைச்சகமே இதை ஏற்று உத்தரவு போட்டது. செனகல் மருத்துவச்சி தெரியாதவளாக நடித்துக் காப்பாற்றுகிறாள். இவர்கள் தெரிந்துகொண்டே காப்பாற்றினார்கள். கேள்வி கேட்பதில் தவறில்லை, பதிலை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர்களின் பத்தாண்டு அனுபவம் காட்டியது.

2012இல் உருகுவே 12 வாரம்வரை கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. உடனே வேறொரு கேள்வி முளைத்தது. மனசாட்சி ஒப்பவில்லை என்று சொல்லி விலகிக்கொள்ள மருத்துவர்களுக்குப் புதுச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. சால்தோ மாவட்டத்தின் மகப்பேறு மருத்துவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் விலகிக்கொண்டார்கள். பெண்கள் வெளியூர் போக வேண்டியதாயிற்று. அவர்களின் மனசாட்சியைப் போலி என்று தள்ளிவிட முடியாது. தொழிலையும் விசுவாசத்தையும் ஒருசேரக் காக்க நினைப்பவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த விலக்குக்குச் சட்டமே ஓர் எல்லை வைத்திருக்கிறது. பெண்ணின் உயிர் பெரும் ஆபத்தில் இருந்தால் யாரும் விலகிக்கொள்ள முடியாது. கலைத்துவிட்டு உதிரப்போக்கோடு நள்ளிரவில் வருபவளைச் சால்தோவின் மருத்துவர்களும் பார்த்துத்தான் ஆக வேண்டும். இந்தக் கட்டாயத்தை எதிர்த்து எந்த ஆயரும் எந்த மறையியலாளரும் கொடி பிடித்ததாகச் செய்தி வரவில்லை.